கூரைமேல் இரண்டு கம்பி

ஒன்பது அடி நீள சர்ஃப் பலகை ஆறேழு கிலோதான் இருக்கும். அக்குளில் இடுக்கிக்கொண்டு மணலில் நடந்துவிடலாம். அதையே காரின் கூரையில் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கோவளம் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், பலகையின் முனை சற்றே நிமிர்ந்திருந்தால், காற்று அதை மேலே தூக்கும் விசை ஏறக்குறைய 14 கிலோ எடைக்குச் சமம். வேகம் 100-ஐத் தொட்டால் 22 கிலோ. பலகையின் சொந்த எடையைப்போல மூன்று மடங்கு, அதுவும் வானத்தை நோக்கி. ஆக, பலகை கீழே விழாமல் இருக்க நாம் பட்டை போட்டுக் கட்டவில்லை. மேலே பறந்துவிடாமல் இருக்கத்தான் கட்டுகிறோம்.

கணக்கு எளிது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 450 நியூட்டன், அதாவது 45 கிலோ எடையளவு அழுத்த வல்லது. பலகையின் பரப்பு 1.2 சதுர மீட்டர். அந்த அழுத்தத்தில் பத்தில் நான்கு பங்கு தூக்குவிசையாக மாறினாலே 22 கிலோ வந்துவிடுகிறது. இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதுதான் ஆபத்தான பகுதி. மரக்கடையில் வாங்கும் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டின் பரப்பு மூன்று சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் தடிமனில் அது 20 கிலோவுக்குக் குறையாது. ஏற்றுவதற்கே இரண்டு ஆள் வேண்டும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே, முன்விளிம்புக்கு அடியில் காற்று புகுந்துவிட்டால், அந்த முழு எடையையும் காற்று ஏந்திக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் பலகை கயிற்றில்தான் தொங்குகிறது.

கூரையில் சாமான் ஏற்றுவது என்றதும் நம் மனம் எடையை மட்டும்தான் நினைக்கிறது. "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான் கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி. நின்றுகொண்டிருக்கும் காருக்கு அந்தக் கேள்வி போதும். ஓடும் காரில் சாமானை எல்லாப் பக்கமும் ஏதோ ஒன்று இழுக்கிறது: பிரேக் போட்டால் முன்னால், வளைவில் பக்கவாட்டில், காற்றால் பின்னாலும் மேலேயும். இவற்றில் கீழ்நோக்கிய எடைதான் மிகவும் சாது. சாமானைத் தாங்கக் கூரையின் குறுக்கே போடும் இரண்டு கம்பிகளைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும் மற்ற திசைகளுக்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளே மாறிவிடும்.

முன்னால் தள்ளும் விசையைப் பாருங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் முழு பலத்தோடு பிரேக் அழுத்தினால், கூரையில் உள்ள 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 40 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். இது அன்றாடம் நேர்வது. குறுக்கே ஒரு மாடு வந்தால் போதும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, அரை மீட்டர் தொலைவுக்குள் வண்டி நின்றுவிட்டால், அதே மூட்டை 350 கிலோ விசையோடு முன்னால் இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை நான்கு சின்னப் பிடிகளும் சில திருகாணிகளும்தான். கூரைச் சுமைதாங்கிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 11154 என்று ஓர் உலகத் தரநிலை இருக்கிறது. கம்பி வாங்கும்போது உறையில் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துத் தரும் இரும்புக் கேரியர் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கலாம். அதன் பற்றவைப்பு இந்த முன்னிழுப்பைத் தாங்குமா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

இனி காரின் கையேட்டுக்கு வருவோம். அதில் கூரைச் சுமை என்று ஒரு வரி இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ. பெரிய வண்டிகளில் 100 வரை போகும். இந்த எண் கம்பியையும் சேர்த்தது. ஒரு ஜோடி கம்பி ஐந்தாறு கிலோ, மேலே வைக்கும் மூடிய பெட்டி பதினைந்து இருபது கிலோ. 50 கிலோ வரம்புள்ள காரில் இவை இரண்டும் ஏறிய பிறகு மிச்சம் 25, 30 கிலோதான். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் ஒருவர் இரண்டு சூட்கேஸை வைத்ததுமே அது தீர்ந்துவிடும்.

இந்த எண் ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று பலருக்குச் சந்தேகம். கூரைமேல் கூடாரம் விரித்து அதில் இரண்டு பேர் தூங்குவதைப் படங்களில் பார்க்கிறோமே? அமெரிக்காவில் 2009-ல் திருத்திய கூரை வலிமை விதிப்படி, 2,722 கிலோவுக்கு உட்பட்ட கார்களின் கூரை வண்டியின் எடையைப்போல மூன்று மடங்கைத் தாங்கியாக வேண்டும். கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே நிற்கும் காரின் கூரைக்கு இரண்டு மனிதர்கள் ஒரு பொருட்டே அல்ல. கையேட்டின் எண் ஓடும் காருக்கானது: குழியில் இறங்கி ஏறும்போது ஒவ்வொரு கிலோவும் நொடிப்பொழுதுக்கு இரண்டு மூன்று கிலோவாகக் கனப்பதையும், வளைவில் வண்டி சாய்வதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதியது. கம்பியின் உறையில் 75 கிலோ என்றிருந்தாலும் கார் 50 என்றால் 50தான். மேலே பூட்டும் சைக்கிள் ஸ்டாண்டு 17 கிலோ என்றால் அந்த சைக்கிளுக்கு 17தான். வரிசையில் எது மிகச் சிறிய எண்ணோ அதுவே ஆட்சி செய்யும்.

இந்த வரிசையில் நம் நாட்டுக் கார்களில் அடிக்கடி ஏமாற்றும் கண்ணி ஒன்று உண்டு. கூரையின் இரு ஓரமும் முன்னிருந்து பின்னாக நீளும் வெள்ளி நிற ரெயில். பல கார்களில் அது வெறும் அலங்காரம். எஸ்யூவி போன்ற தோற்றம் தர வைத்த பிளாஸ்டிக். கூரைத் தகட்டில் கிளிப்பாலோ இருபக்க ஒட்டு நாடாவாலோ நிற்கும். அதில் கம்பியைப் பூட்டிச் சுமையேற்றினால், முதல் கடும் பிரேக்கில் ரெயிலோடு சேர்ந்து சாமான் வந்துவிடலாம். "ரெயில்தான் இருக்கே சார், மாட்டிக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நீங்களே பார்த்துவிடலாம். ரெயிலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். நடுவில் சீரான இடைவெளியும் இரு முனைகளில் கெட்டியான பாதமும் இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வெவ்வேறு ஓசை தரும். நடுவில் பிடித்து மிதமாக ஆட்டினால் அலங்கார ரெயில் வளையும், சில நேரம் கிறீச்சிடும். ஆனால் இவையெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்ப்பு கையேட்டில்தான். ரெனோ ட்ரைபர் போன்ற சில வண்டிகளில் ரெயில் 50 கிலோ தாங்கும் என்று தயாரித்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் அப்படி ஓர் எண் இல்லையென்றால், அந்த ரெயிலில் எதையும் கட்டக் கூடாது என்றே பொருள். இந்த வேறுபாட்டை விற்பனைக்கூடத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ரெயிலைப் பார்க்கிறவர் எவரும் அது தாங்கும் என்றுதானே நினைப்பார்?

பழைய கார்களில் இந்தக் குழப்பம் கிடையாது. அம்பாசடரிலும் ஓம்னியிலும் கதவுகளுக்கு மேலே மழைநீர் வடிய ஒரு மடிப்பு விளிம்பு ஓடும். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட இடம் அது. வண்டி உடலிலேயே உறுதியான தையல். சபரிமலைக்கும் பழனிக்கும் போன வாடகை அம்பாசடர்களின் கேரியர்கள் அந்த விளிம்பைக் கவ்வித்தான் நின்றன. படுக்கை, பாத்திரம், அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி, மேலே படுதா போர்த்திக் கயிறு கட்டுவார்கள். பிறகு காற்றுத் தடையைக் குறைக்கும் போட்டி வந்தது. துருத்திக்கொண்டிருந்த அந்த விளிம்பு காற்றைக் கலைத்தது, ஓசை எழுப்பியது. வடிவமைப்பாளர்கள் அதைக் கதவுச் சட்டத்துக்குள் ஒளித்துவிட்டார்கள். கார் வழவழப்பானது, கேரியருக்குக் கவ்வ இடம் போயிற்று. இன்று கடையில் கம்பியைக் காரோடு பிணைக்க இத்தனை வகைக் கால்கள் விற்பதற்குக் காரணம் அந்த விளிம்பு மறைந்ததுதான்.

கம்பியின் காலை காரோடு சேர்ப்பதற்கு இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. இடைவெளியோடு உயர்ந்து நிற்கும் ரெயிலைச் சுற்றிக் கவ்வுவது ஒன்று. இதுதான் எளிது, முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியும். கூரையோடு ஒட்டிய ரெயிலின் விளிம்பைப் பிடிப்பது இன்னொன்று. கூரைக் காடியில் சின்ன மூடிகளுக்கு அடியில் மரை வெட்டிய துளைகளைச் சில கார்களில் வைத்தே அனுப்புகிறார்கள். அதில் போல்ட் போட்டு இறுக்குவதைப்போல நம்பகமான பிடி வேறில்லை, ஆனால் இடத்தை மாற்ற முடியாது. இவை எதுவும் இல்லாத வெற்றுக் கூரைக்குக் கதவுக் கொக்கி. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளுக்கு இந்தக் கடைசி வகைதான் கதி. அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

கதவைத் திறந்து மேலே பாருங்கள். ரப்பர் பட்டைக்கு வெளியே தகடு உள்ளே மடிந்து ஒரு சின்ன உதடுபோல இருக்கும். கொக்கியின் தட்டையான நாக்கு அங்கே போய் உட்கார்கிறது. காலின் அடியில் உள்ள ரப்பர் திண்டு கூரையின் ஓரத்தில் அமர்கிறது. ஆலன் கீயைத் திருகத் திருக, கொக்கி மேலும் உள்ளும் இழுபடுகிறது. திண்டு கீழே அழுந்துகிறது. தகடு இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. துளை இல்லை, பற்றவைப்பு இல்லை. முழுப் பிடிப்பும் உராய்வில் நிற்கிறது. அதனால்தான் ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனித்தனியே வளைத்த கொக்கியும் திண்டும் விற்கிறார்கள். கூரையின் வளைவு ஒரு காருக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்ற உறையைக் கண்டால் தள்ளி வையுங்கள். திண்டின் ஒரு மூலை மட்டும் தொட்டு நின்றால் எல்லா அழுத்தமும் அந்த மூலையில் குவிந்து கூரை நெளியும். மற்ற இடத்தில் உராய்வே இராது.

எவ்வளவு இறுக்குவது? இதில் நம் கைக்கு அளவு தெரியாது. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டை 6 நியூட்டன்-மீட்டர் திருகினால், அதாவது பத்து சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியை ஆறு கிலோ விசையோடு தள்ளினால், போல்ட்டின் அச்சில் ஏறக்குறைய 5,000 நியூட்டன் இழுவிசை பிறக்கிறது. அரை டன். விரல் நுனியால் செய்யும் வேலைக்கு இவ்வளவு பலன் தருவது மரையின் சரிவு. இதனால் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைந்தால் பிடி நழுவும். கூடினால் தகடு நசுங்கும் அல்லது அலுமினிய மரை வழித்துக்கொண்டு போகும். நல்ல கம்பிகளோடு, அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் சாவி ஒன்றைக் கொடுப்பதன் காரணம் இதுதான். அந்தச் சாவியைத் தொலைத்துவிட்டு, டயர் மாற்றும் முரட்டு ஸ்பானரால் இறுக்கக் கூடாது. நான்கு கால்களையும் ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கினால் கம்பி நடுவில் நிற்கும். பொருத்துவதற்கு முன் திண்டு அமரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இடையில் மாட்டிய மணல் பயணம் முழுக்கப் பெயின்ட்டை அரைக்கும். புறப்பட்ட அரைமணி நேரத்தில் ஓரமாக நிறுத்தி மறுபடி சாவி போட்டுப் பாருங்கள். ரப்பர் அழுத்தத்தில் மெல்லத் தணிந்து கொடுக்கும், போல்ட்டின் இழுவிசை அதற்கேற்பக் குறையும். நம் வெயிலில் சுடும் கூரையில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

கம்பி எந்த உலோகம் என்பதற்கு மக்கள் தரும் முக்கியத்துவத்தில் பாதியை அதன் வடிவத்துக்குத் தரலாம். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. எடையும் அப்படியே மூன்றில் ஒரு பங்கு. ஒரே எடைக்கு இரண்டும் சமம்போலத் தோன்றும். ஆனால் வளைவைத் தடுப்பதில் உயரம் மும்மடியாகப் பெருகுகிறது: 20 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தை 30 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறும். பளு குறைந்த உலோகத்தைப் பெரிய வடிவில், உள்ளே குடைந்து செய்தால் லாபம் அலுமினியத்துக்கு. குடைந்த தண்டு அதே எடையுள்ள திடத் தண்டைவிட வலிது என்பதை 1638-ல் வந்த தம் நூலில் கலிலியோவே விளக்கியிருக்கிறார். நமக்கு மூங்கிலைப் பார்த்தாலே அது புரியும். நீளமும் மும்மடியாகத்தான் தண்டிக்கிறது. கால்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்த இடத்தில் 1.2 மீட்டர் ஆனால் அதே சுமைக்கு 70 சதவீதம் கூடுதலாகத் தொய்யும். அகன்ற வண்டிக்கு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி காற்று. சுவீடனில் 1942-ல் மீன்பிடிப் பொறி விற்கத் தொடங்கிய தூலே நிறுவனம் 1960-களில் கார்க் கூரைக்கு வந்தபின், பல காலம் விற்றது சதுர வெட்டுள்ள எஃகுக் குழாய். அமெரிக்காவின் யாகிமா உருண்டைக் குழாயை விரும்பியது. இரண்டுமே செய்வதற்கு எளிது, காற்றுக்கு எதிரி. காற்றுத் தடையை அளக்க ஒரு குணகம் உண்டு: சதுரக் கம்பிக்கு அது சுமார் 2, உருண்டைக்கு 1.2, நீர்த்துளிபோல நீட்டிய வடிவத்துக்கு 0.3-க்கும் கீழே போகலாம். முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானங்களில் இறக்கைகளைக் கட்டிய உருண்டைக் கம்பிகளை மாற்றி நீட்டு வடிவக் கம்பிகளைப் போட்டார்கள். மெல்லிய உருண்டைக் கம்பி, தன்னைவிடப் பத்து மடங்கு தடித்த இறக்கை வடிவத்துக்கு ஈடான தடையைத் தருகிறது என்று அவர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

காருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மூன்று சென்டிமீட்டர் உயரமும் 1.1 மீட்டர் நீளமுமுள்ள இரண்டு சதுரக் கம்பிகள், ஒன்றின் நிழலில் ஒன்று ஒதுங்காமல் முழுக் காற்றையும் வாங்கினால், சாதாரண ஹேட்ச்பேக்கின் மொத்தத் தடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடும். உண்மையில் பின் கம்பி முன் கம்பியின் சுழலுக்குள் ஒதுங்குவதால் கொஞ்சம் குறையும். நீர்த்துளி வடிவமென்றால் இந்தக் கூடுதல் மூன்று சதவீதத்தை ஒட்டி நிற்கும். விலை வேறுபாடு பெட்ரோலில் திரும்பி வந்துவிடும் என்று நான் இதனால்தான் சொல்கிறேன். பொருத்தும்போது ஒரு தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது: கூரிய விளிம்பு காற்றைக் கிழிக்கும் என்று நினைத்து அதை முன்பக்கம் வைத்துவிடுகிறார்கள். மொண்ணையான, தடித்த பக்கம்தான் முன்னால் வர வேண்டும். காற்று இரண்டாகப் பிரிந்து, மெல்லச் சரியும் வால்மீது நழுவி, முனையில் மறுபடி சேர வேண்டும். தடையை உண்டாக்குவது முன்னால் பிளப்பது அல்ல, பின்னால் சேர முடியாமல் சுழல்வது.

அந்தச் சுழல்தான் ஓசையும் தருகிறது. உருண்டைக் கம்பியைக் கடக்கும் காற்று மேலிருந்து ஒரு சுழல், கீழிருந்து ஒரு சுழல் என்று முறைவைத்து உதிர்க்கும். ஒவ்வொரு ஜோடியும் கம்பியை ஒருமுறை மேலும் கீழும் உலுக்கும். செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹல் 1878-ல் கம்பிகளைக் காற்றில் பாடவைத்து ஒரு விதியைக் கண்டார்: வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் சுருதி வந்துவிடும். 30 மில்லிமீட்டர் கம்பிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 185 அதிர்வு. மனிதக் குரலின் வரம்புக்குள் விழும் சுருதி. அதனால்தான் காருக்குள் அது அவ்வளவு தொல்லை தருகிறது. இந்த ஓசையின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் மடியில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஏறக்குறைய நான்கு மடங்கு.

தீர்வு ஏற்கெனவே உங்கள் காரிலேயே இருக்கலாம். கூரையில் கம்பிபோல நிற்கும் ரேடியோ ஏரியலை உற்றுப் பாருங்கள்; பலவற்றில் அடியிலிருந்து நுனி வரை ஒரு மெல்லிய புரி சுற்றிக்கொண்டே ஏறும். அழகுக்காக வைத்தது அல்ல அது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 1950-களில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டனும் உடனிருந்தவர்களும் ஆலைப் புகைபோக்கிகள் காற்றில் ஆடாமல் இருக்கச் சுருள் வரம்பு சுற்றினார்கள். சுருள் இருந்தால் ஒவ்வோர் உயரத்திலும் சுழல் ஒவ்வொரு நேரத்தில் உதிரும். எல்லாம் ஒன்றுசேர்ந்து உலுக்க முடியாது, ஓசையும் ஒரு சுருதியில் குவியாது. உங்களிடம் பழைய உருண்டைக் கம்பி இருந்தால் அதன்மேல் ஒரு மெல்லிய கயிற்றை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றிப் பாருங்கள். புதிய கம்பிகளின் மேல்முகத்தில் வரிவரியாக ரப்பர் பட்டை ஓடுவதும் காற்றோட்டத்தை இப்படிக் கலைப்பதற்குத்தான். அந்தப் பட்டைக்கு அடியில் சாமான்களைப் பூட்டும் நீளக் காடி இருக்கும். பட்டையைக் கழற்றிவிட்டுக் காடியைத் திறந்தபடி ஓட்டினாலும், முனை மூடி தொலைந்திருந்தாலும், கம்பி விசிலடிக்கும்.

இரண்டு கம்பிகளையும் எவ்வளவு தள்ளி வைப்பது? இயன்ற அளவு தள்ளி. பலகை முன் கம்பிக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, காற்று அதன் முனையைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர்தான் என்றால், முன் பட்டைமீது விழும் இழுப்பு முனையில் உள்ள விசையைப்போல இரண்டரை மடங்கு. 90 ஆக்கினால் இரண்டு மடங்கு. நெம்புகோல் கணக்குதான். குட்டைக் கூரையுள்ள கார்களில் இடமில்லையென்றால், முனையிலிருந்து பானெட் பக்கம் தலைகீழ் 'வி' வடிவில் இரண்டு கயிறு இறக்கிக் கட்டுவது நெம்புகோலையே இல்லாமல் செய்துவிடும். கயாக் போன்ற நீளமானவற்றுக்கு அது கட்டாயம். பின்புறமும் அப்படியே.

சர்ஃப் பலகையைக் கவிழ்த்து, துடுப்பு மேலே பார்க்கவும் வால் காரின் முன்பக்கம் வரவும் வைப்பது வழக்கம். பலகை பின்னால் நழுவப் பார்த்தால் துடுப்பு பட்டையில் தடுக்கி நிற்கும். பட்டைக்குப் பாலியெஸ்டர் நல்லது. நைலான் இழுவைக்கு நீளும், நனைந்தால் இன்னும் தளரும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு படுதா பறக்காமல் இருக்க உதவும், சுமையைப் பிடிக்க உதவாது. விசை வந்தால் நீள்வதுதான் அதன் இயல்பு. கைப்பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையை ஃபோம் பலகைக்குப் போட்டால் உங்களை அறியாமலே அதை நசுக்கிவிடுவீர்கள். கட்டி முடித்தபின் பட்டையில் ஒரு முறுக்கு விடுங்கள். நேராக விரிந்து நிற்கும் பட்டை காற்றில் படபடத்து 'ம்ம்' என்று ரீங்கரிக்கும், உராய்ந்து தேயவும் செய்யும். முறுக்கினால் ஒவ்வோர் இடத்திலும் காற்று வேறு கோணத்தில் படும்; படபடப்பு அடங்கிவிடும்.

சுமை ஏறிய கார் வேறு கார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். 1,100 கிலோ காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டரில் இருந்தால், 1.7 மீட்டர் உயரத்தில் 60 கிலோ ஏற்றியதும் அது 61-க்கு உயர்கிறது. எடை கூடியது ஐந்து சதவீதம்தான். வளைவில் கவிழாமல் நிற்கும் திறன் பத்து சதவீதம் குறைந்துவிடுகிறது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இது தெரியும். அடுக்குமாடி நிறுத்தத்தின் தாழ்ந்த உத்தரத்திலும் உயரம் நினைவில் இருக்க வேண்டும். மொத்த உயரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுவது பழக்கமாகட்டும்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பெரிய மொண்ணையான கூரைப் பெட்டி நகருக்குள் 2 முதல் 8 சதவீதம், சாதாரண நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் தகவல் தளம் சொல்கிறது. காலிக் கம்பிக்கு இவ்வளவு இல்லை, ஆனால் அது ஆண்டு முழுக்க ஓடுகிறது. வருடத்தில் இரண்டு முறை ஊருக்குப் போவதற்காக மற்ற எல்லா நாளும் காற்றோடு மல்லுக்கட்டுவது வீண்செலவு. கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியக் கம்பியில் எவர்சில்வர் போல்ட், நடுவில் உப்பு ஈரம்: இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடுகின்றன, அதில் கரைவது அலுமினியம். மரையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்தால் அதுதான். சில மாதம் விட்டுவிட்டால் போல்ட் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது மரை கையோடு வந்துவிடும்.

கடலுக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கம்பியையும் கால்களையும் கழுவிக் காயவைத்து, போல்ட்டுகளுக்குச் சிறிது கிரீஸ் தடவி வையுங்கள். கொக்கிகளில் முன் இடது, பின் வலது என்று எழுதிய அடையாளங்கள் இருக்கும். அவற்றைக் கலக்காமல் தனித்தனிப் பையில் போட்டால் அடுத்த முறை பொருத்தப் பாதி நேரம் போதும். கூரையில் மரைத் துளைகள் உள்ள கார் என்றால் அவற்றின் மூடிகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லையேல் அடுத்த மழையில் துளைகளில் நீர் தேங்கும்.